ரெண்டு வீடு, ஒரு லைசன்ஸ்

கலகெதர
2025 மார்ச் 9
நோன்பு எட்டு

பஸ்லினாவுக்கு,

முதல்ல பேருக்கு முன்னால "அன்புள்ள" என்று எழுதி, பிறகு வெட்டினேன். வெட்டின கோடு உங்களுக்கும் தெரியும். நோன்பு வாயோட பொய்ச் சொல் ஒண்டு எழுத விருப்பமில்ல. ஸலாம் சொல்றது கடமை, அதனால சொல்றேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கட துண்டுக் கடிதத்தை அஸீமா மச்சி நேத்து கொண்டுவந்து தந்தாங்க. கூடப்பிறந்த தம்பி மௌத்தாகி, அடக்கி ஒரு மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள ரெண்டு பொண்டாட்டிக்கும் நடுவுல என்னைத் தபால்காரி ஆக்கிட்டீங்களே என்று ஏசிக்கொண்டேதான் தந்தாங்க. போன் எடுத்துக் கதைச்சா என்ன குறைஞ்சு போகும் என்றும் கேட்டாங்க. போன்ல உங்கட குரல் வரும். அந்தக் குரலை எனக்கு நல்லாத் தெரியும். எங்கட வீட்டு முன்னறை அச்சுக் கடையில நீங்க டைப் அடிச்ச காலத்துல, குசினியில நின்டுகொண்டு அந்தக் குரல் சிரிக்கிறதைக் கேட்டிருக்கேன். பாவம் புள்ள, வாய் காய்ஞ்சு போயிருக்கும் என்று பிளேன்டீ ஊத்திக்கொண்டு வந்து தந்ததும் நான்தான். அதுக்குப் பிறகு நடந்தது ரெண்டு பேருக்கும் தெரியும். அதனால நீங்களும் எழுதுங்க, நானும் எழுதுறேன். என்ட எழுத்து ஆறாம் வகுப்பு எழுத்து, சிரிச்சா சிரிங்க.

நீங்க எழுதினதை நாலு தரம் வாசிச்சேன். எனக்கு விளங்கினது இவ்வளவுதான். இவர் மௌத்தாக முந்தி உங்கட பல்லேகல வீட்டுல புதுசா ஒரு கம்பியூட்டர் பூட்டி வச்சிருக்கார். அது ஒழுங்கா ஓட விண்டோஸ் லைசன்ஸ் வேணும். அந்த லைசன்ஸ் இஞ்ச, கடையில இருக்கிற பழைய கம்பியூட்டர்ல இருக்கு. ஒரு நேரத்துல ஒரு கம்பியூட்டர்லதான் அது இருக்க ஏலும். ஆகவே நான் இதிலிருந்து கழட்டித் தந்தா நீங்க அதுல போட்டுக்கொள்வீங்க.

புதுக் கம்பியூட்டர் பூட்டினதே எனக்குத் தெரியாது, பஸ்லினா. என்ட குசினி பல்பு எரிஞ்சு போய் நாலு மாசம். இண்டைக்கு மாத்துறேன், நாளைக்கு மாத்துறேன் என்று சொல்லிச் சொல்லியே மனிசன் மௌத்தாகிட்டார். இப்பவும் ஸஹருக்கு விடிய முந்தி எழும்பினா டோர்ச் பிடிச்சுத்தான் சோறு சூடாக்குறேன். உங்கட வீட்டுல ஒரு முழுக் கம்பியூட்டரைப் பூட்டி நிப்பாட்டியிருக்கார்.

ஏன் இதையே கேட்கிறீங்க? ஊர்ல எல்லாரும் களவுக் கொப்பிதானே போட்டு ஓட்டுறாங்க. கண்டியில எந்தக் கடையில கேட்டாலும் போட்டுத் தருவான். இத்தா முடிஞ்சு, வெள்ளை மாத்தி வெளிய இறங்கின பிறகு அப்படி ஒண்டைப் போட்டுக்கொள்ளுங்க. இஞ்ச இருக்கிறது இஞ்சயே இருக்கட்டும். இந்த வீட்டுல இருந்து அங்க போனது போதும்.

இப்படிக்கு,
பாயிஸ்ட மனைவி
கைரியா


பல்லேகல
2025 மார்ச் 14

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் "அன்புள்ள" என்று எழுதினதை வெட்டல்ல. நீங்க விரும்பினா வாசிக்கும்போது வெட்டிக்கொள்ளுங்க.

பிளேன்டீயை நான் மறக்கல்ல. அதுல இஞ்சி தட்டிப் போடுவீங்க.

கொப்பி போட ஆள் இல்லாம இல்ல, ராத்தா. கண்டியில இருந்து ஒருத்தர் என்ட தம்பிக்குப் போன் பண்ணி, பெட்டியைக் குடுத்து அனுப்புங்க, ஒரு மணித்தியாலத்துல போட்டுத் தாறேன் என்றார். எனக்குத்தான் மனசு வரல்ல. உங்களுக்கும் தெரியும்தானே, இவர் அந்த விஷயத்துல எப்படி என்று. மதரஸா புத்தகம் அடிக்கிற கம்பியூட்டர்ல களவுச் சாமான் இருக்க ஏலாது என்பார். நான் ஒரு தரம் களவா எடுத்த ஃபொன்ட் எழுத்து ஒண்டைப் போட்டு கலியாணக் கார்ட் அடிச்சதுக்கு, நூத்தைம்பது கார்டையும் திரும்ப அடிக்க வச்சார். ரெண்டு நாள் என்னோட கதைக்கவும் இல்ல.

இந்த வருஷம் ஒக்டோபருக்குப் பிறகு பழைய கம்பியூட்டருக்குப் புதுசா ஒண்டும் வராதாம். புதிய விண்டோஸ் அதுல ஏறாதாம், அவ்வளவு பழசு. அதனாலதான் புதுசு பூட்டினார். துண்டு துண்டா சாமான் வாங்கிக்கொண்டு வந்து, ஜனவரியில ரெண்டு ஞாயிற்றுக்கிழமை என்ட சாப்பாட்டு மேசையில வச்சுப் பூட்டினார். லைசன்ஸ் மட்டும்தான் மிச்சம். அடுத்த கிழமை மாத்துறேன் என்றார். அடுத்த கிழமைதான் நெஞ்சு நோவு வந்தது.

அது எனக்கு விளையாட்டுச் சாமான் இல்ல. இவர் எடுத்து வச்ச மதரஸா புத்தக வேலை அரைவாசியில நிக்குது. இத்தாவில வீட்டுக்குள்ள இருந்துகொண்டே நான் செய்யக்கூடிய ஒரே வேலை அது. எனக்கு நாளும் கொஞ்சம் கூடவாகப் போகுது.

உங்கட வீட்டுக்கும் வெளி ஆம்பிளை வர ஏலாது, என்ட வீட்டுக்கும் வர ஏலாது. அதனால நீங்களேதான் கழட்டணும். பயப்படாதீங்க, லேசுதான். அவர்ட படம், கணக்கு, பேர் ஒண்டும் அழியாது. வலது பக்கம் கீழ் மூலையில சாம்பல் நிறத்துல ரெண்டு வரி வரும். அது மட்டும்தான்.

கீபோட்ல கீழ் வரிசையில, இடது பக்கம் ஜன்னல் படம் போட்ட கட்டை ஒண்டு இருக்கு. அதைத் தட்டுங்க. பிறகு சி, எம், டி அடிங்க. கறுப்புப் பெட்டி ஒண்டின் பேர் வரும். அதுல எலியின் வலது பக்கத்தைத் தட்டி, எல்லாத்துக்கும் மேல உள்ளதை எடுங்க. கேள்வி கேட்கும், இடது பக்கம் உள்ள பதிலைத் தட்டுங்க. கறுப்புப் பெட்டி திறக்கும். அதுல எஸ், எல், எம், ஜி, ஆர் அடிச்சு, ஓர் இடம் விட்டு, ஒரு சரிஞ்ச கோடு போட்டு, யு, பி, கே அடிச்சு, வலது பக்கம் உள்ள பெரிய கட்டையைத் தட்டுங்க. எழுத்தெல்லாம் பின்பக்கம் பெரிசா வரைஞ்சிருக்கேன். பாம்பு மாதிரி இருக்கிறது எஸ். ஒரு காலை நீட்டிக்கொண்டு நிக்கிறது ஆர். சரிஞ்ச கோடு எந்தக் கட்டையில என்றும் படம் போட்டிருக்கேன்.

பிறகு லைசன்ஸ் கார்டில உள்ள இருபத்தைஞ்சு எழுத்தையும் எழுதி அனுப்புங்க. கார்ட் உங்கட அலுமாரியில இருக்கு என்று சொல்லியிருக்கார்.

இன்னொண்டு. கம்பியூட்டர் பெட்டியைப் பூட்டி முடிச்ச பிறகு ஒரு ஸ்க்ரூ ஆணி மிச்சம். எங்க இருந்து வந்தது என்று அவருக்கும் தெரியல்ல. பீங்கான் தட்டுல போட்டு வச்சிருக்கேன்.

துஆ செய்ங்க. எனக்கு இந்த முறை நோன்பு பிடிக்க ஏலாமப் போச்சு.

உங்கட
பஸ்லினா


கலகெதர
2025 மார்ச் 21

பஸ்லினாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்க எழுதின மாதிரியே செஞ்சு முடிச்சேன். ஜன்னல் கட்டை, கறுப்புப் பெட்டி, பாம்பு எழுத்து எல்லாம் சரி. கழட்டியாச்சு. இருபத்தைஞ்சு எழுத்தும் இதோட வச்சிருக்கேன். எழுதல்ல, ஒவ்வொண்டாப் பார்த்துப் பார்த்து வரைஞ்சேன். அஸீமா மச்சியும் ஒரு தரம் சரி பார்த்தாங்க.

கார்ட் அலுமாரியில இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று முதல்ல கோவம் வந்தது. பிறகு நினைச்சேன், அவர்தான் எல்லாத்தையும் சொல்ற மனிசனாச்சே. அப்ப இதையும் சொன்னாரா தெரியாது. அந்த லைசன்ஸ் வாங்க கண்டிக்கு அவரோட போனவள் நான். கலியாணம் முடிச்சு இருபத்திநாலு வருஷத்துல, ஒரு காரணமும் இல்லாம, ஆஸ்பத்திரியும் இல்லாம, மௌத்து வீடும் இல்லாம, நாங்க ரெண்டு பேர் மட்டும் டவுனுக்குப் போன ஒரே நாள் அது. எங்கட மகள் மின்ஹாவை அஸீமா மச்சிட்ட விட்டுட்டுப் போனோம். மணிக்கூட்டுக் கோபுரத்துக்கிட்ட ஒரு கடை. கடைக்காரப் பொடியன் இவரைப் பார்த்து, "விண்டோஸை யாரு அண்ணே சல்லி குடுத்து வாங்குற?" என்று சிரிச்சான். இவர் "நான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த நேரம் எனக்கு வந்த பெருமை, தங்க மாலை வாங்கித் தந்திருந்தாலும் வந்திருக்காது.

அதைத்தான் கழட்டித் தந்திருக்கேன். இதுக்கு மேல என்கிட்ட ஒண்டும் கேட்காதீங்க.

அவர் எதைப் பூட்டினாலும் ஒரு ஆணி மிச்சம் வரும். மின்ஹாட தொட்டில், கடையில சாமான் அடுக்குற ராக்கை, தண்ணி மோட்டர், எல்லாத்திலயும் ஒவ்வொண்டு மிஞ்சினது. இது ஒண்டும் உங்கட வீட்டுல மட்டும் நடந்த புதினம் இல்ல.

பாயிஸ்ட மனைவி
கைரியா


பல்லேகல
2025 ஏப்ரல் 3

அன்புள்ள ராத்தாவுக்கு,

பெருநாள் முபாரக். இந்தப் பெருநாள் உங்களுக்கும் வெள்ளை உடுப்புப் பெருநாள்தான், எனக்கும் அதுதான். கொஞ்சம் வட்டிலப்பம் அஸீமா மச்சிட்ட குடுத்து அனுப்புறேன். தேங்காய்ப்பால் கொஞ்சம் கூடிப்போச்சு.

எப்படி எழுதுறது என்று நாலு நாளா யோசிச்சேன். எழுத்து இருபத்தைஞ்சும் சரி, ஒண்டுகூடப் பிழை இல்ல. ஆனா கம்பியூட்டர் எடுக்கல்ல. இந்த லைசன்ஸ் இன்னொரு கம்பியூட்டர்ல பாவிக்கப்படுது என்று சொல்லுது. போன் பண்ணிக் கேட்க ஒரு நம்பரும் காட்டிச்சு. எடுத்தேன். ஆள் இல்ல, மெஷின் குரல், இங்கிலீஸ்ல. கேட்ட கேள்விக்கெல்லாம் நம்பர் அழுத்தினேன். கடைசியாக ஒரு கேள்வி. இந்த லைசன்ஸ் எத்தனை கம்பியூட்டர்ல இருக்கு?

ஒண்டு என்று அழுத்தினா விட்டுடும், ராத்தா. விரலை வச்சுக்கொண்டே இருந்தேன். அதுக்கு முதல் நாள்தான் அஸீமா மச்சி உங்கட கதை சொல்லிக்கொண்டு இருந்தாங்க. காலையில சுபஹ் தொழுதுட்டு நீங்க கடை ஷட்டரைத் திறக்காமலே கம்பியூட்டரைப் போட்டுட்டு முன்னால உட்கார்ந்து இருக்கீங்க என்றாங்க. மூலையில சாம்பல் எழுத்து இருக்கா என்று கேட்டேன். அப்படி ஒண்டும் இல்ல, பளிச்சென்று இருக்கு என்றாங்க. அது ஞாபகம் வந்தது, ஒண்டை அழுத்தாமலே போனை வச்சுட்டேன்.

உங்களை நான் ஒண்டும் சொல்ல வரல்ல. ஏதாவது ஒரு எழுத்து விடுபட்டிருக்கும். இன்னொரு தரம் செஞ்சு பாருங்க.

டவுனுக்குப் போன கதை சொன்னார். பஸ்ல பக்கத்துல நின்ட பொம்பிளை தன்ட பேக்கை மடியில வச்சுக்கொள்ளச் சொல்லித் தந்ததுக்கு, "மடியில இடமில்ல, கம்பியூட்டர் இருக்கு" என்று சொன்னீங்களாம். பெட்டிக்குள்ள ஒரு கார்டும் ஒரு சின்னச் சாமானும்தானே இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பஸ்லினா


கலகெதர
2025 ஏப்ரல் 19

பஸ்லினா,

ஸலாம் இல்லாம ஆரம்பிக்கிறேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

வட்டிலப்பத்தை வச்சுட்டு மச்சி ஒரு பேச்சுக்குச் சொன்னாங்க, "பாவம், வாந்தியோட வாந்தியா நின்டு கிண்டியிருக்கு" என்று. சொல்லிட்டு நாக்கைக் கடிச்சாங்க. நான் விடல்ல. கேட்டுக் கேட்டு வாயைத் திறக்க வச்சேன். நாலு மாசமாம்.

நோன்பு பிடிக்க ஏலாமப் போச்சு என்று எழுதினீங்க. நாள் கூடவாகப் போகுது என்று எழுதினீங்க. நான் மக்கு. ஏதோ சுகமில்ல என்று நினைச்சு உங்களுக்காக ஒரு நாள் துஆவும் கேட்டேன். அந்த துஆவை நான் திருப்பிக் கேட்கல்ல, ஆனா கேட்டேன் என்று தெரிஞ்சுகொள்ளுங்க.

எனக்கு ஜூன் பதினோராம் திகதி இத்தா முடியும். அதோட கதவு திறந்துடும், எல்லாரும் சரி, முடிஞ்சது, எழும்பு என்பாங்க. உங்களுக்குப் புள்ளை பிறக்கும் வரைக்கும் இத்தா. செப்டம்பர் ஆகும். அவருக்காக வெள்ளை உடுத்தி இருக்கிறதுலகூட உங்களுக்குத்தான் நாள் கூட. இதுலயும் நீங்கதான் முன்னால. நான் இருபத்திநாலு வருஷம் பொண்டாட்டி. நீங்க அஞ்சு வருஷம். மூணு மாசம் கூட அழுறதுக்கு உங்களுக்கு உரிமை வந்திருக்கு. பொறாமைப்பட இன்னும் என்னதான் மிச்சம் இருக்கு என்று நினைச்சுக்கொண்டு இருந்தேன். இது மிச்சம் இருந்திருக்கு.

சரி, உண்மையைச் சொல்றேன். நான் கழட்டல்ல. எழுத்து எதுவும் விடுபடல்ல, நானேதான் விட்டேன். எல்லாம் நீங்க எழுதின மாதிரி அடிச்சு வந்தேன். கடைசி எழுத்து மட்டும் மிச்சம், கே. கை அதுக்கு மேல நின்டது. இறங்கல்ல. பெட்டியை மூடிட்டு உங்களுக்குப் பொய் எழுதினேன், அதுவும் நோன்போட.

ஏன் என்று கேட்பீங்க. காலையில கம்பியூட்டரைப் போட்டா ஒரு சத்தம் வரும், பிறகு அவர்ட பேர் வரும், இங்கிலீஸ்ல. எனக்கு இங்கிலீஸ்ல வாசிக்கத் தெரிஞ்ச ஒரே சொல் அது. பேர் அழியாது என்று நீங்க எழுதினீங்க. எழுதினது நீங்கதானே, நான் எப்படி நம்புறது? பேர் நின்டாலும் அந்த மூலையில ரெண்டு வரி வந்து உட்கார்ந்திருக்கும் என்கிறீங்க. ஒவ்வொரு நாளும் அவர்ட பேரைப் பார்க்கிற நேரம் மூலையில உங்களையும் பார்க்கணுமா?

பஸ் கதையை உங்களுக்கும் சொல்லிட்டார். அது என்ட கதை. என்கிட்ட சல்லி இருக்கல்ல, நகை இருக்கல்ல, அவர் அங்க போற நாள்ல படுத்துக்கொண்டு நினைச்சுப் பார்க்க அந்த ஒரு நாள் இருந்தது. அதையும் அங்க கொண்டு போய்ச் சொல்லிச் சிரிச்சிருக்கார். இனி என்னத்தை வச்சுக்கொள்ள நான்?

லைசன்ஸ் தரமாட்டேன். புதுக் கம்பியூட்டர் உங்களுக்கு, புள்ளை உங்களுக்கு, இத்தா உங்களுக்கு. இது எனக்கு.

கைரியா

வட்டிலப்பம் நல்லா இருந்தது. தேங்காய்ப்பால் கூடல்ல.


பல்லேகல
2025 மே 2

ராத்தா,

லைசன்ஸ் வேணாம். வச்சுக்கொள்ளுங்க. இதை எழுதுறது அதைக் கேட்க இல்ல.

நீங்க உங்கட பொய்யைச் சொன்னீங்க. என்கிட்டயும் ஒரு பொய் இருக்கு. அதைச் சொல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது, இப்பவே ஒண்டும் இறங்கிற மாதிரி இல்ல.

புதுக் கம்பியூட்டர் எனக்குப் பூட்டினது இல்ல. உங்கட கடைக்குப் பூட்டினது. கலகெதரையில வச்சுப் பூட்டினா நாள் முழுக்க போட்டோ கொப்பி எடுக்க ஆள் வரும், வேலை ஓடாது என்றுதான் ஞாயிற்றுக்கிழமை இஞ்ச கொண்டுவந்தார். உங்களுக்குச் சொல்லாம வச்சது, கொண்டு வந்து மேசையில வச்சுக் காட்டணும் என்று. லைசன்ஸ் பழசில இருந்து புதுசுக்குப் போகணும், ரெண்டும் உங்கட முன்னறையிலதான். பிறகு பழசு எனக்கு வரணும். அதுதான் அவர் போட்ட கணக்கு.

எனக்கு எப்பவும் அப்படித்தான், ராத்தா. இந்த வீட்டுக் கதிரை ரெண்டு உங்கட வீட்டுல கால் ஆடினது. என்ட ஃபேன் உங்கட ரூம்ல சத்தம் போட்டது. அயன் பொக்ஸ், குடை, பெரிய சட்டி, எல்லாம் உங்கட வீட்டுல பாவிச்சு முடிஞ்ச பிறகு வந்தது. அவரும் அப்படித்தான் வந்தார். அதை நான் குறையாச் சொல்லல்ல. ஆனா அந்தப் புதுப் பெட்டி என்ட மேசையில ரெண்டு கிழமை இருந்தது. ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை நான்தான் உரிச்சேன். அவர் மௌத்தான பிறகு, இது எனக்குத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு உங்களுக்கும் எழுதிட்டேன்.

நீங்க எந்தக் கதை சொன்னாலும் அதுல நான் இல்ல. அவர் சொல்ற எந்தக் கதையிலயும் நீங்க இருப்பீங்க. பஸ் கதையைக் கேட்டு நான் சிரிச்சேன் என்றா நினைச்சீங்க? அவர் சிரிச்சார். நான் எழும்பிப் போய் கோப்பை கழுவினேன்.

புள்ளை விஷயம் அவருக்குத் தெரியாது. மௌத்தாகி இருபது நாளைக்குப் பிறகுதான் எனக்கே தெரியும். இஞ்ச எனக்குச் சொல்லிக்கொள்ள யாரும் இருக்கல்ல. முதல்ல உங்களுக்குத்தான் எழுத நினைச்சேன். நினைச்சதோட சரி.

ஜூன்ல உங்கட இத்தா முடிஞ்ச பிறகு ஆள் அனுப்பி கம்பியூட்டரை எடுத்துக்கொள்ளுங்க. மூடி வச்சிருக்கேன்.

பஸ்லினா


கலகெதர
2025 ஜூன் 12

பஸ்லினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேத்தோட என்ட இத்தா முடிஞ்சது. ஆறு கிழமையா பதில் எழுதாதது கோவத்துல இல்ல. என்ன எழுதுறது என்று தெரியாம இருந்தேன்.

நேத்து பொம்பிளைகள் வந்தாங்க, துஆ ஓதினாங்க, சாப்பிட்டாங்க, போனாங்க. மின்ஹா கட்டார்ல இருந்து போன் எடுத்து, உம்மா இனி வெளிய போய்ட்டு வாங்க, காத்துப் படும் என்றா. அந்த வீட்டுப் பேச்சு மட்டும் எடுக்காதீங்க என்று எப்பவும் சொல்றவ, நேத்து தானாவே உங்களைப் பற்றிக் கேட்டா, "அந்தப் புள்ள எப்படி இருக்காம்?" என்று. நல்லா இருக்காம் என்றேன்.

நான் வெளிய போகல்ல. இண்டைக்குக் காலையில கடை ஷட்டரை மேல தூக்கினேன். நாலு மாசத்துத் தூசி. குசினிக்குப் பல்பு ஒண்டு ஆள் விட்டு வாங்கி, கதிரையில ஏறி நானே மாத்தினேன். ரெண்டு நிமிஷ வேலை, பஸ்லினா. ரெண்டு நிமிஷ வேலைக்கா அந்த மனிசன் மூணு மாசம் எடுத்தார்.

பிறகு அவர்ட கதிரையில உட்கார்ந்தேன். உங்கட தாளை எடுத்து விரிச்சேன். ஜன்னல் கட்டை. சி, எம், டி. கறுப்புப் பெட்டி. பாம்பு, எல், எம், ஜி, காலை நீட்டினது. இடம். சரிஞ்ச கோடு. யு, பி. பிஸ்மி சொல்லி கேயை அடிச்சேன். பெரிய கட்டையைத் தட்டினேன். ஒரு சின்னப் பெட்டி வந்து இங்கிலீஸ்ல ஏதோ சொல்லிச்சு. பக்கத்து பேக்கரி கேஷியர் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கழண்டு போச்சு ஆன்ட்டி என்றா.

மூடித் திறந்து பார்த்தேன். பேர் இருக்கு. நீங்க எழுதினது உண்மை. மூலையில ரெண்டு வரியும் வந்திருக்கு. நான் நினைச்ச அளவுக்குப் பெரிசு இல்ல. கண்ணாடி போடாட்டித் தெரியவும் தெரியாது.

புதுக் கம்பியூட்டரை அனுப்ப வேணாம். எனக்குப் பூட்டினது என்று நீங்க எழுதின தாளை மட்டும் அலுமாரியில வச்சிருக்கேன், அது போதும். உங்கட மேசையில அவர் ரெண்டு ஞாயிறு இருந்து பூட்டினதை இஞ்ச கொண்டு வந்து வச்சா, தட்டுற ஒவ்வொரு தட்டுக்கும் எனக்கு உங்கட மேசைதான் கண்ணுல வரும். மதரஸா புத்தகத்தை முடிச்சுக் குடுங்க. அவர் வாக்குக் குடுத்த வேலை. கடைக்குக் கார்ட் ஓடர் வந்தா எழுதி எடுத்து மச்சிட்ட அனுப்புறேன். எழுதி எடுக்க எனக்குத் தெரியும், அடிக்கத்தான் தெரியாது. அதுக்காக நீங்க திரும்பவும் என்ட முன்னறைக்கு வந்து உட்கார்ந்து சிரிக்க வேணாம். அங்க இருந்தே அடிங்க.

நான் நல்லவளாகிட்டேன் என்று நினைக்காதீங்க. அந்தப் புள்ளைக்கு அவர்ட மூக்கு வந்துடுமோ என்று இப்பவும் வயிறு எரியுது. வராட்டியும் எரியும். அதுக்கு நான் என்ன செய்ய.

லைசன்ஸ் சும்மா தரல்ல. ஒண்டுக்கு ஒண்டு. அந்தப் பீங்கான் தட்டுல போட்டு வச்சிருக்கிற ஆணியை எனக்கு அனுப்புங்க. மின்ஹாட தொட்டில்ல மிஞ்சினது, ராக்கையில மிஞ்சினது, மோட்டர்ல மிஞ்சினது, எல்லாம் என்கிட்ட ஒரு போத்தல்ல இருக்கு. அவர் பூட்டின கடைசிச் சாமான்ட ஆணி அந்தப் போத்தல்லதான் இருக்கணும். இதுல விட்டுக்குடுக்க ஏலாது.

கைரியா


பல்லேகல
2025 ஜூன் 17

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

நேத்து அந்த நம்பருக்கு எடுத்தேன். அதே குரல். எத்தனை கம்பியூட்டர்ல இருக்கு என்று கேட்டுச்சு. ஒண்டு என்று அழுத்தினேன். எடுத்துக்கொண்டுச்சு. புத்தகத்துல நாற்பது பக்கம் மிச்சம் இருக்கு, ஹஜ் மாசம் முடிய முந்தி முடிச்சுடுவேன்.

புள்ளைக்கு அவர்ட மூக்கு வந்தா முதல்ல உங்களுக்குத்தான் எழுதுவேன். போன் எடுக்க மாட்டேன்.

ஆணியைப் பஞ்சுல சுத்தி, இந்தக் கடிதத்தோட உறைக்குள்ள வச்சிருக்கேன். திறக்கிற நேரம் கீழ விழுந்துடும், பார்த்துத் திறங்க.

ஒரு விஷயம், ராத்தா. நான் ஒரு ஆணி மிச்சம் என்று எழுதினேன்தானே. ரெண்டு ஆணி மிச்சம். மற்றது என்கிட்ட இருக்கு. அதைக் கேட்காதீங்க.

இப்படிக்கு,
பாயிஸ்ட மனைவி
பஸ்லினா